ஜீ.ஜீ. பொன்னம்பலம்: சட்டவாதத்தின் வலிமையும் அமைச்சுப் பதவியின் விலையும்

இலங்கையின் சிறுபான்மை அரசியலில் சட்டத்தரணிகள் வகித்த இடம் மிகப் பெரியது. சேர் பொன். இராமநாதன் முதல் எஸ்.ஜே.வி. செல்வநாயகம், மு. திருச்செல்வம், எம்.எச்.எம். அஷ்ரப் வரை நீதிமன்றத்தில் பெயர் பெற்றவர்களே பெரும்பாலும் அரசியல் தலைமையையும் ஏற்றனர். இவர்களுள் வாதத்திறன் ஒன்றையே மூலதனமாகக் கொண்டு ஓர் இனத்தின் தலைவராக உயர்ந்து, பின்னர் அமைச்சரவையில் அமர்ந்து, அந்த அமர்வின் காரணமாகவே தலைமையை இழந்தவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம். அவர் மறைந்து அரை நூற்றாண்டு நெருங்கும் நிலையிலும் அவரைப் பற்றிய விவாதம் ஓயவில்லை. அரசாங்கத்தில் இணைந்து பெறுவதா, வெளியே நின்று கேட்பதா என்ற கேள்வி தமிழ், முஸ்லிம் மக்கள் முன் எழும்போதெல்லாம் அவரது பெயரும் எழுகின்றது.

கங்கேசர் பொன்னம்பலம் 1901ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் திகதி பிறந்தார். வடமராட்சியின் அல்வாயைச் சேர்ந்த அவரது தந்தையார் தபாலதிபராகக் கடமையாற்றியவர். பரம்பரைச் செல்வாக்கும் பெருநிலமும் கொண்ட கொழும்புத் தமிழ்ப் பிரபுக்களின் வட்டத்துக்கு வெளியே, அரசாங்க உத்தியோகத்தை நம்பி வாழ்ந்த நடுத்தரக் குடும்பம் அது. யாழ்ப்பாணம் சென். பற்றிக்ஸ் கல்லூரியிலும் கொழும்பு சென். ஜோசப் கல்லூரியிலும் கற்ற அவர், அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் சென்று இயற்கை விஞ்ஞானத்தில் முதல் வகுப்பில் தேறினார். விஞ்ஞானத்தோடு நின்றுவிடாது சட்டமும் பயின்று, லண்டன் லிங்கன்ஸ் இன் சட்டக்கழகத்தில் பாரிஸ்டரானார். ஆதாரங்களை அடுக்கி முடிவுக்கு வரும் விஞ்ஞான மாணவனின் முறையும், எதிர்த்தரப்பின் பலவீனத்தைக் கண்டு தாக்கும் வழக்கறிஞனின் முறையும் அவரிடம் ஒன்றுசேர்ந்தன.

நாடு திரும்பிய பின்னர் குற்றவியல் வழக்குகளில் அவர் அடைந்த புகழ் விரைவானது. குறுக்கு விசாரணையில் அவருக்கு நிகர் எவருமில்லை என்ற பெயர் நிலைத்தது. அவர் ஆஜராகும் வழக்கு என்றால் நீதிமன்ற மண்டபம் நிறைந்துவிடும். கட்சிக்காரர்கள் சிங்களவராயினும் தமிழராயினும் முஸ்லிம்களாயினும் தமது உயிரையும் மானத்தையும் அவர் கையில் ஒப்படைத்தனர். அப்புக்காத்து ஜீ.ஜீ. என்று நாடு முழுவதும் அறியப்பட்ட பின்னரே அவர் அரசியல்வாதியாகப் பரவலாக அறியப்பட்டார் எனலாம்.

அரசியல் பிரவேசம்

1931இல் டொனமூர் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது சர்வசன வாக்குரிமை கிடைத்தது. முழுச் சுதந்திரத்துக்கு அது வழிவகுக்கவில்லை என்பதால் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு கோரியது. அதன் விளைவாக வடக்கின் நான்கு ஆசனங்கள் வெறுமையாக இருந்தன. அத்தேர்தலில் மன்னார் - முல்லைத்தீவுத் தொகுதியில் போட்டியிட்ட பொன்னம்பலம் தோல்வியடைந்தார். பகிஷ்கரிப்புக் கைவிடப்பட்டு 1934இல் இடைத்தேர்தல்கள் நடைபெற்றபோது பருத்தித்துறைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1936ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலும் அத்தொகுதி மக்கள் அவரையே அனுப்பினர்.

அவரது அரசியல் பாதையை நிர்ணயித்த சம்பவம் அந்த 1936இலேயே இடம்பெற்றது. டொனமூர் முறையின் கீழ் அரசாங்க சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தது. ஒவ்வொரு குழுவும் தெரிவு செய்யும் தலைவரே அமைச்சரானார். 1931இல் அமைந்த அமைச்சர் குழுவில் பெரி சுந்தரமும், எச்.எம். மாக்கான் மாக்கார் என்ற முஸ்லிம் பிரமுகரும் இடம்பெற்றிருந்தனர். 1936இல் உறுப்பினர்கள் குழுக்களுக்குப் பங்கிடப்பட்ட விதத்தினால் ஏழு குழுக்களிலும் சிங்களப் பெரும்பான்மை ஏற்பட்டது. ஏழு அமைச்சர்களும் சிங்களவராயினர். தமிழருக்கோ முஸ்லிம்களுக்கோ ஓர் இடமும் இல்லை. பெரும்பான்மை வாக்குகளை மட்டும் அடிப்படையாகக் கொண்ட ஆட்சி எவ்வாறு அமையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று பொன்னம்பலத்துக்குத் தேவைப்படவில்லை. ஒரு வழக்குக்குரிய மூல ஆவணம் அவருக்குக் கிடைத்துவிட்டது.

ஐம்பதுக்கு ஐம்பது

இந்த அனுபவத்திலிருந்தே சமபலப் பிரதிநிதித்துவக் கோரிக்கை பிறந்தது. தமிழர் தமக்கு மட்டும் பாதி ஆசனங்களைக் கேட்டனர் என்ற தவறான எண்ணம் தென்னிலங்கையில் மட்டுமன்றி நம்மவரிடையேயும் இன்றுவரை நிலவுகின்றது. உண்மையில் சட்டசபை ஆசனங்களில் பாதி சிங்கள மக்களுக்கும், எஞ்சிய பாதி இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் உட்பட ஏனைய சமூகங்கள் அனைத்துக்கும் சேர்த்து ஒதுக்கப்பட வேண்டும் என்பதே கோரிக்கையாகும். எந்தத் தனிச் சமூகமும் மற்றைய சமூகங்கள் யாவற்றையும் தன் எண்ணிக்கையால் மட்டும் வெல்ல முடியாத சபை ஒன்றையே அவர் கேட்டார்.

1939இல் அரசாங்க சபையில் இதுபற்றி அவர் ஆற்றிய உரை பல மணிநேரம் நீடித்தது. அதே ஆண்டு நாவலப்பிட்டியில் சிங்கள மக்களின் வரலாற்றையும் மகாவம்சத்தையும் குறித்து அவர் நிகழ்த்திய பேச்சு பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. நாவலப்பிட்டியிலும் வேறு இடங்களிலும் கைகலப்புகள் மூண்டன. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சாட்சியை நிலைகுலையச் செய்யும் கூர்மை மேடையில் வேறு விளைவைத் தரும் என்பதை அச்சம்பவம் காட்டியது. சிங்கள மகா சபையை நடத்திய எஸ்.டபிள்யூ.ஆர்.டீ. பண்டாரநாயக்காவின் இனவாரி அரசியலுக்கு அது உரமாகியது என்பதையும் மறுப்பதற்கில்லை.

1944 ஆகஸ்டில் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் உதயமாகியது. பொன்னம்பலம் அதன் தலைவரானார். அவ்வாண்டு இறுதியில் இலங்கை வந்த சோல்பரி ஆணைக்குழுவின் முன் தமிழ்க் காங்கிரஸின் வழக்கை அவரே முன்வைத்தார். பல மணிநேரம் நீடித்த அந்தச் சமர்ப்பணத்தில் அரசாங்க உத்தியோகங்கள், குடியேற்றத் திட்டங்கள், நீர்ப்பாசனச் செலவுகள், கல்வி ஒதுக்கீடுகள் ஆகியவற்றில் இடம்பெற்ற பாரபட்சங்களை அவர் வரிசைப்படுத்தினார். அவரது திறமையை எதிரணியினரும் வியந்தனர். ஆனால் ஆணைக்குழு கோரிக்கையை ஏற்கவில்லை. சனத்தொகையில் ஏறக்குறைய 70 சதவீதமாக இருந்த சமூகத்தைச் செயற்கையாகப் பாதியாகக் குறைப்பது சனநாயகத்துக்கு ஒவ்வாது என்பதே அதன் நிலைப்பாடாகும். அதற்குப் பதிலாக, 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்பதோடு 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனமும் சேர்க்கப்பட்டது. ஓர் இனத்தையோ மதத்தையோ பாதிக்கும் பாரபட்சமான சட்டங்களைத் தடுப்பதற்கென 29ஆவது பிரிவும் அரசியலமைப்பில் இடம்பெற்றது.

முஸ்லிம்கள் ஏன் சேரவில்லை?

ஐம்பதுக்கு ஐம்பது தோற்றமைக்கு சோல்பரியின் தீர்ப்பு மட்டுமே காரணம் என்று கூறுவது பாதி உண்மையாகும். எந்தச் சமூகங்களுக்காகவும் சேர்த்து அக்கோரிக்கை முன்வைக்கப்பட்டதோ, அந்தச் சமூகங்கள் யாவும் அதன் பின்னால் அணிதிரளவில்லை. 1945 நவம்பரில் சோல்பரித் திட்டத்தை ஏற்கும் பிரேரணை அரசாங்க சபைக்கு வந்தபோது எதிர்த்து வாக்களித்தவர்கள் மூவர் மாத்திரமே. பொன்னம்பலம் அச்சமயம் லண்டனில் இருந்தார். தமிழ் உறுப்பினர்களிலும் பலர் பிரேரணையை ஆதரித்தனர். முஸ்லிம்களின் சார்பில் டீ.பீ. ஜாயா ஆற்றிய உரை நாட்டின் சுதந்திரத்துக்கு முன்னுரிமை வழங்கி, தமது சமூகம் அதற்குத் தடையாக நிற்காது என்று அறிவித்தது.

முஸ்லிம் தலைவர்களின் இந்த முடிவைத் துரோகமாகக் காட்டும் பழக்கம் தமிழ் அரசியல் எழுத்துகளில் நீண்டகாலம் இருந்தது. அது நியாயமானதன்று. அவர்களது தயக்கத்துக்கு வரலாறு இருந்தது. 1885இல் சட்டநிரூபண சபையில் பொன். இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி தேவையில்லை என்ற முடிவுக்கே அவ்வாதம் இட்டுச்செல்லும் என அச்சமூகம் கருதியது. 1889இல் முஸ்லிம் ஒருவர் தனியாக நியமிக்கப்பட்ட பின்னரும் அந்த மனக்காயம் ஆறவில்லை. பிற்காலத்தில் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு விரிவான மறுப்பு எழுதினார். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, கைதான சிங்களத் தலைவர்களுக்காக இராமநாதன் குரல் கொடுத்தமை இரண்டாவது காயமாக அமைந்தது. அவர்களது கைதில் அநீதி இருந்தது உண்மையே. எனினும் பாதிக்கப்பட்ட முஸ்லிம்களுக்காக அதே அளவு உரத்த குரல் அவரிடமிருந்து எழவில்லை என்பதே அச்சமூகத்தின் நினைவில் பதிந்தது.

இவற்றோடு முஸ்லிம்களின் வாழிடமும் ஒரு காரணமாகும். அவர்களுள் பெரும்பகுதியினர் சிங்களக் கிராமங்களுக்கும் நகரங்களுக்கும் இடையே சிதறி வாழ்ந்தனர். வியாபாரத்துக்கும் உயிர்ப் பாதுகாப்புக்கும் அயலவரின் நல்லெண்ணம் அவர்களுக்கு இன்றியமையாதது. யாழ்ப்பாணத்தில் இருந்தவாறு கொழும்புடன் மோதுவது ஒன்று. காலியிலும் கண்டியிலும் களுத்துறையிலும் இருந்தவாறு மோதுவது வேறொன்று. சமபலக் கோரிக்கையை வகுத்த பொன்னம்பலம், அதில் பங்காளிகளாகும் சமூகங்களின் இந்த வேறுபட்ட நிலைமைகளைப் போதியளவு கருத்திற்கொண்டதாகத் தெரியவில்லை. கட்சிக்காரர்களிடம் முழு ஒப்புதல் பெறாமலே அவர்களுக்காகவும் ஆஜரான வழக்கறிஞரின் நிலை அவருடையதாகியது.

வெற்றியிலிருந்து அமைச்சரவைக்கு

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் பொன்னம்பலத்தின் அரசியல் வாழ்வின் உச்சமாகும். சோல்பரி அரசியலமைப்பையும் ஐக்கிய தேசியக் கட்சியையும் நிராகரிக்குமாறு கோரி அவர் வடக்கில் பிரசாரம் செய்தார். யாழ்ப்பாணத் தொகுதியில் அவர் எதிர்கொண்டது சாதாரண வேட்பாளரையன்று. சேர் பொன். அருணாசலத்தின் புதல்வரும் உள்நாட்டு அமைச்சராக இருந்தவருமான அருணாசலம் மகாதேவாவையே எதிர்த்துப் போட்டியிட்டார். தபாலதிபரின் மகன் பிரபுவின் மகனைப் பெரும் வித்தியாசத்தில் தோற்கடித்தார். அமைச்சரவையில் சேர்ந்து சிங்களத் தலைமைக்கு இணங்கிப் போனவர் என்பதே மகாதேவாவுக்கு எதிரான முக்கிய குற்றச்சாட்டாக அமைந்தது. வடக்கின் ஆசனங்களுள் பெரும்பாலானவை தமிழ்க் காங்கிரஸுக்கே கிடைத்தன.

அத்தேர்தல் முடிந்து ஓராண்டு கழிந்த நிலையில், 1948 செப்டெம்பரில், பொன்னம்பலம் டீ.எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் இணைந்து கைத்தொழில், கைத்தொழில் ஆராய்ச்சி மற்றும் கடற்றொழில் அமைச்சரானார். சுதந்திரம் கிடைத்துவிட்டது, லண்டனில் இருந்த நீதிபதிகள் போய்விட்டனர், இனி வாதாடுவதற்கு மேல்நீதிமன்றம் இல்லை, ஆட்சியாளரோடு ஒத்துழைத்து இயன்றதைப் பெறுவதே அறிவுடைமை என்பது அவரது தரப்பு நியாயமாக இருந்தது. அந்த நியாயத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எதிர்க்கட்சி வரிசையில் சில ஆசனங்களோடு அமர்ந்திருப்பதால் வடக்கு, கிழக்கு மக்களின் வேலையின்மையோ வறுமையோ தீரப்போவதில்லை என்பதும் உண்மையே.

அமைச்சர் என்ற வகையில் அவரது பணி வெறும் பெயரளவிலானதன்று. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியை ஆரம்பித்தது. குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லை நாட்டின் கட்டடங்களாக மாற்றிய அத்தொழிற்சாலை, உத்தியோகத்தையும் புகையிலையையும் நம்பியிருந்த ஒரு பிரதேசத்துக்குக் கைத்தொழில் என்ற புதிய வாயிலைத் திறந்தது. வாழைச்சேனைக் காகித ஆலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் அவரது அமைச்சின் காலத்தில் திட்டமிடப்பட்டுப் பின்னர் இயங்கத் தொடங்கியவை. வயலில் வீணாகும் வைக்கோலைக் காகிதமாக்கிய வாழைச்சேனை ஆலையில், மட்டக்களப்பு மாவட்டத்தின் தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே நின்று வேலை செய்தனர். பரந்தனில் உற்பத்தியான கோஸ்டிக் சோடாவும் குளோரினும் நாட்டின் பல தேவைகளுக்குப் பயன்பட்டன. இம்மூன்று தொழிற்சாலைகளும் பல தலைமுறைக் குடும்பங்களுக்குச் சோறு போட்டன. பின்னாளில் போர் காங்கேசன்துறையையும் பரந்தனையும் முடக்கியது. அவற்றின் சிதைவுகளைக் கண்டவர்கள், அமைச்சராகப் பொன்னம்பலம் எதுவும் செய்யவில்லை என்று சொல்லத் துணியமாட்டார்கள்.

பிரஜாவுரிமை என்ற அழியாத கறை

எனினும் சீமெந்தும் காகிதமும் மறைக்க முடியாத ஒரு விடயம் இருக்கின்றது. மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையே அது. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அவர்களது தொகை சுமார் 7 இலட்சத்து 80 ஆயிரம். இலங்கைத் தமிழரின் தொகையைவிடச் சற்று அதிகம். 1947இல் தோட்டப்புறத் தொகுதிகளில் சௌமியமூர்த்தி தொண்டமான் உட்பட இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர்கள் வென்றிருந்தனர். அவர்களது வாக்குகள் வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளின் வெற்றிக்கும் உதவின. இதனைப் பொறுக்காத அரசாங்கம் 1948 ஆகஸ்டில் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. அப்போது எதிரணியில் இருந்த பொன்னம்பலமும் அவரது கட்சியினரும் அதனை எதிர்த்தனர்.

அடுத்த மாதம் அவர் அமைச்சரானார். அவ்வாண்டு டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டமூலம் வந்தபோது அவர் அரசாங்கத் தரப்பில் இருந்து அதனை ஆதரித்தார். முதற் சட்டத்தின் கடுமையை இது ஓரளவு குறைக்கின்றது, விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை பெற வழி தருகின்றது என்பது ஆதரவுக்கான காரணமாகக் கூறப்பட்டது. அதே அமைச்சரவையில் வர்த்தக அமைச்சராக இருந்த சி. சுந்தரலிங்கம் இச்சட்டமூலத்துடன் உடன்பட முடியாமல் பதவியைத் துறந்தார். பொன்னம்பலம் துறக்கவில்லை. 1949இல் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜைகளுக்கே வாக்குரிமை என்று விதித்தபோது, மலையகத் தமிழரின் வாக்குரிமையும் பறிபோயிற்று.

அச்சட்டங்கள் தந்ததாகக் கூறப்பட்ட வழி எத்துணைக் குறுகியது என்பதைப் பிற்காலப் புள்ளிவிபரங்கள் காட்டின. விண்ணப்பித்தோர் 8 இலட்சத்துக்கும் அதிகம். பிரஜாவுரிமை பெற்றோர் ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மாத்திரமே. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதி ஒருவரேனும் பாராளுமன்றத்துக்குத் தெரிவாக முடியவில்லை. ஆனால் தொகுதிகள் சனத்தொகை அடிப்படையில் வகுக்கப்பட்டதால், வாக்கற்ற அம்மக்களின் தலைகளும் எண்ணப்பட்டு அவற்றுக்குரிய ஆசனங்கள் மலையகச் சிங்கள வாக்காளருக்குச் சென்றன. ஐம்பதுக்கு ஐம்பது கேட்டவர் அமைச்சராக இருந்த காலத்திலேயே சிறுபான்மையினரின் பாராளுமன்றப் பலம் அதற்கு முன்னிருந்த அளவைவிடவும் சுருங்கியது. அவரது கோரிக்கையின் கணக்கையே அவர் ஆதரித்த சட்டம் அழித்துவிட்டது என்பதே இதன் பொருளாகும்.

தமிழ்க் காங்கிரஸ் பிளவுபட்டது. செல்வநாயகம், கு. வன்னியசிங்கம், டாக்டர் இ.எம்.வி. நாகநாதன் ஆகியோர் வெளியேறி 1949 டிசம்பர் 18ஆம் திகதி இலங்கைத் தமிழரசுக் கட்சியை ஆரம்பித்தனர். இன்று மலையகத் தமிழருக்கு நேர்ந்தது நாளை மொழியின் வடிவில் நமக்கும் நேரும் என்ற அச்சம் அவர்களை வழிநடத்தியது. ஏழு ஆண்டுகளுக்குள் அந்த அச்சம் மெய்யாகியது.

இறங்குமுகம்

1952ஆம் ஆண்டுத் தேர்தலில் பொன்னம்பலத்தின் செல்வாக்கு இன்னும் குன்றவில்லை. தமிழ்க் காங்கிரஸ் நான்கு ஆசனங்களையும் தமிழரசுக் கட்சி இரண்டையும் பெற்றன. செல்வநாயகமே தோல்வியுற்றார். ஆனால் 1953இல் அரிசி விலை உயர்வுக்கு எதிரான ஹர்த்தாலைத் தொடர்ந்து டட்லி சேனநாயக்க பதவி விலகி, சேர் ஜோன் கொத்தலாவல பிரதமரானதும் பொன்னம்பலத்துக்கு அமைச்சரவையில் இடம் அளிக்கப்படவில்லை. ஐந்து ஆண்டுகால ஒத்துழைப்பு ஒரு பிரதமரின் மாற்றத்தோடு முடிவுக்கு வந்தது. தனி மனிதர்களுக்கிடையிலான நம்பிக்கையின் மேல் கட்டப்பட்ட உடன்பாடு, அம்மனிதர்கள் மாறியதும் சரிந்துவிடும் என்ற பாடத்தைத் தமிழ் அரசியல் முதன்முதலாகக் கற்றது அப்போதுதான்.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது அவர் தமது முழு வாதத்திறனையும் திரட்டி எதிர்த்தார். ஆயினும் அவ்வாண்டுத் தேர்தலில் தமிழரசுக் கட்சி பத்து ஆசனங்களைப் பெற்றிருக்க, தமிழ்க் காங்கிரஸின் சார்பில் தெரிவானவர் அவர் ஒருவரே. 1960இல் நடைபெற்ற இரண்டு தேர்தல்களிலும் அல்பிரட் துரையப்பாவிடம் யாழ்ப்பாணத் தொகுதியை இழந்தார். 1965இல் அதனை மீட்டார். 1970இல் தமிழரசுக் கட்சி வேட்பாளரிடம் மீண்டும் இழந்தார். 1965இல் அமைந்த டட்லி சேனநாயக்காவின் அரசாங்கத்தில் தமிழரசுக் கட்சியும் பங்குகொண்டது. மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். அமைச்சரவையில் சேர்ந்தமைக்காகப் பொன்னம்பலத்தைச் சாடிய கட்சியே பதினாறு ஆண்டுகளின் பின்னர் அதே வாயிலில் நின்றமை வரலாற்றின் விசித்திரமாகும். அந்த ஒத்துழைப்பும் மாவட்ட சபைகள் கைவிடப்பட்ட பின்னர் 1968இல் முடிவுற்றது.

மீண்டும் நீதிமன்றத்தில்

1972ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்பு 29ஆவது பிரிவையும் நீக்கி, சிங்களத்தின் முதன்மையையும் பௌத்தத்தின் முதன்மை இடத்தையும் உறுதிசெய்தது. பழைய பகைகளை ஒதுக்கிவைத்து தமிழர் கூட்டணி உருவாகியது. செல்வநாயகம், பொன்னம்பலம், தொண்டமான் ஆகிய மூவரும் அதன் தலைவர்களாயினர். பிரஜாவுரிமைச் சட்டத்தை ஆதரித்தவரும், அதனை எதிர்த்துக் கட்சியை உடைத்தவரும், அச்சட்டத்தால் தம் மக்களின் வாக்கை இழந்தவரும் ஒரே மேடையில் அமர்ந்தனர்.

1976 மேயில், வட்டுக்கோட்டை மாநாட்டை அடுத்துத் துண்டுப்பிரசுரம் விநியோகித்தமைக்காக அ. அமிர்தலிங்கம் உட்பட நான்கு தலைவர்கள் கைதாகினர். ஜூரிகளின்றி மூன்று நீதிபதிகள் முன்னிலையில் கொழும்பில் நடைபெற்ற ட்ரயல் அட் பார் வழக்கு நாட்டின் கவனத்தை ஈர்த்தது. அறுபதுக்கும் மேற்பட்ட சட்டத்தரணிகள் எதிரிகள் சார்பில் ஆஜராகினர். முன்வரிசையில் பொன்னம்பலமும் செல்வநாயகமும் திருச்செல்வமும் இருந்தனர். எழுபத்தைந்தை எட்டிக்கொண்டிருந்த பொன்னம்பலம், அவசரகால ஒழுங்குவிதிகளின் சட்ட வலிதினைக் கேள்விக்குட்படுத்தி வாதாடினார். அந்த வாதத்தை நீதிபதிகள் ஏற்றனர். மேன்முறையீட்டில் உயர் நீதிமன்றம் வேறு முடிவு எடுத்தபோதிலும் வழக்கு மேலும் நடத்தப்படாமல் கைவிடப்பட்டது. இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் பிரிந்த இருவரும் ஒரே தரப்பு வழக்கறிஞர்களாக அமர்ந்திருந்த அக்காட்சி, அதனைக் கண்டவர்களின் நினைவில் நெடுங்காலம் நின்றது.

அது அவரது கடைசிப் பெரும் வழக்காக அமைந்தது. 1976 நவம்பரில் திருச்செல்வமும், 1977 பெப்ரவரியில் மலேசியாவில் இருந்தபோது பொன்னம்பலமும், அதே ஆண்டு ஏப்ரலில் செல்வநாயகமும் காலமாயினர். சில மாத இடைவெளியில் ஒரு தலைமுறை முழுவதும் விடைபெற்றது. சட்டத்தையும் பாராளுமன்றத்தையும் நம்பிய அரசியல் அவர்களோடு மெல்ல மெல்லப் பின்தள்ளப்பட்டது.

எஞ்சும் பாடம்

பொன்னம்பலத்தை மதிப்பிடும்போது அமைச்சரவையில் சேர்ந்ததையே குற்றமாக்குவது எளிது. ஆனால் பின்வந்த வரலாறு அந்தத் தீர்ப்பை அப்படியே உறுதிப்படுத்தவில்லை. அவர் ஆதரித்த சட்டத்தால் பாராளுமன்ற ஆசனத்தை இழந்த தொண்டமான், 1978இல் ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசாங்கத்தில் அமைச்சராகச் சேர்ந்தார். உள்ளே இருந்தவாறே தம் மக்களின் பிரஜாவுரிமையைப் படிப்படியாக மீட்டார். 1988ஆம் ஆண்டுச் சட்டம் அப்பணியின் பெரும்பகுதியை நிறைவுசெய்தது. எஞ்சியதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தீர்த்தது. கிழக்கிலிருந்து எழுந்த சட்டத்தரணி அஷ்ரப் 1994இல் அமைச்சராகி, 2000ஆம் ஆண்டு ஹெலிகொப்டர் விபத்தில் மறையும் வரை அப்பதவியின் மூலம் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற நிலையான பயன்களைத் தம் மக்களுக்குத் தேடித்தந்தார். எனவே பதவியை ஏற்பதும் மறுப்பதும் தம்மளவில் சரியோ பிழையோ ஆகா. எதற்காக ஏற்கிறோம், எந்த எல்லையைத் தாண்டினால் துறப்போம் என்பவற்றை முன்கூட்டியே வகுத்துக்கொள்வதே முக்கியமானது.

பொன்னம்பலம் அமைச்சரானபோது அத்தகைய எல்லைக்கோடு ஒன்றும் மக்கள் முன் வைக்கப்படவில்லை. தொழிற்சாலைகள் பேரத்தில் இருந்தன, வாக்குரிமை இருக்கவில்லை. தொழிற்சாலையை ஓர் அரசாங்கம் தரலாம், இன்னோர் அரசாங்கம் மூடலாம், போர் அழிக்கலாம். வாக்குரிமை இழந்த சமூகமோ தன் இழப்பை முறையிடுவதற்கான இடத்தையே இழந்துவிடுகின்றது. அதனை மீட்க மலையக மக்களுக்கு நாற்பது ஆண்டுகள் பிடித்தன. இடையில் இலட்சக்கணக்கானோர் ஒப்பந்தங்களின் பேரில் கப்பலேற்றப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர்.

ஒரு சமூகத்தின் உரிமை பறிபோகும்போது மற்றொரு சமூகத்தின் தலைவர் பதவியின் நிமித்தம் மௌனம் காத்தால், அந்த மௌனத்தின் விலையை இறுதியில் இரு சமூகங்களும் சேர்ந்தே செலுத்த நேரிடும். வடக்கிலிருந்து முஸ்லிம்கள் 1990இல் வெளியேற்றப்பட்டபோதும், அதன் பின்னர் இரு மக்களும் மாறி மாறி அவலங்களைச் சந்தித்தபோதும் இந்த உண்மை மீண்டும் மீண்டும் மெய்ப்பிக்கப்பட்டது. சிறுபான்மையினர் யாவரையும் ஓரணியில் நிறுத்தும் கனவை முதலில் கண்டவர் பொன்னம்பலம். அக்கனவு தவறானதன்று. பங்காளிகளைக் கேளாமல் அதனை முன்வைத்தமையும், சோதனை வந்தபோது பங்காளி ஒருவரைக் கைவிட்டமையுமே அதனைத் தோற்கடித்தன. தமிழ், முஸ்லிம், மலையகத் தலைமைகள் பேச்சு மேசைக்கு ஒன்றாகச் செல்ல நினைக்கும் ஒவ்வொரு வேளையிலும் அந்த மாபெரும் வழக்கறிஞரின் வாழ்விலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இதுவே.